தள்ளினால் திறக்கும் கதவு

நோவோசிபிர்ஸ்க்,
அக்டோபர் 9

அன்புள்ள அக்கா சர்கிலானாவுக்கு,

தம்பி உய்குலான் எழுதுவது. இங்கே நான் நலம். சூட்டுக்கும் சோற்றுக்கும் குறைவில்லை. நீயும் உன் விடுதியும் நலம்தானா?

இந்தக் கடிதத்தோடு ஒரு மரப்பெட்டி வரும். உள்ளே பூட்டுகள். எங்கள் கம்பெனி குளிர்ப் பிரதேச ஹோட்டல்களுக்கென்றே செய்தவை. சாவி கிடையாது. அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துப் பார்த்துவிட்டோம். "பெட்டிக்குள் இருக்கும் குளிர் வேறு, எங்கள் ஊர்க் குளிர் வேறு" என்று மீட்டிங்கில் நான்தான் சும்மா இருக்காமல் வாயைத் திறந்தேன். "அப்படியானால் உன் அக்கா ஹோட்டலிலேயே ஒரு குளிர்காலம் மாட்டிப் பார்" என்று மேலாளர் சொல்லிவிட்டார். குளிரைப் பார்க்கவென்றே காசு கொடுத்து ஆள் வரும் ஹோட்டல் வேறு எங்கே இருக்கிறது?

உன்னிடம் மறைப்பானேன், நான் இன்னும் ஒப்பந்த ஆள்தான். பூட்டு இந்தக் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டால் வசந்தத்தில் என்னை நிரந்தரமாக்குவார்கள். தாண்டாவிட்டால் நான் வேறு வேலை தேட வேண்டியதுதான். மாதம் ஒரு கடிதம் எழுது. போனில் நீ கத்துவதும் நான் "என்ன? என்ன?" என்பதும் மேலாளருக்குப் போதாது, கையெழுத்துப் போட்ட தாள் வேண்டுமாம்.

உன்னால் படித்தவன், உன்னாலேயே பிழைக்கவும் பார்க்கிறேன். நன்றி என்று எழுதினால் திட்டுவாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் தம்பி
உய்குலான்


பைதாக்,
நவம்பர் 3

தம்பி உய்குலானுக்கு அக்கா எழுதறது. நாங்க எல்லாரும் சூடா இருக்கோம். நீ சூடா இருக்கியா?

என்னடா அது, "நலம்தானா"ன்னு ஆபீஸ் பாஷை? நம்ம ஊர்ல யாராவது அப்படிக் கேப்பாங்களா? நல்லா இருக்கிறதுன்னா சூடா இருக்கிறது, அவ்வளவுதான்.

பெட்டி வந்துச்சு. ஊரே வந்து எட்டிப் பார்த்துச்சு. கொதிகலன் வீட்டு ஸ்பிரிதோனை ஞாபகம் இருக்கா? கரி அள்ளிப் போட்டு ஊருக்கெல்லாம் வெந்நீர் அனுப்பறாரே, அவருதான் பூட்டு மாட்டிக் குடுத்தாரு. மாட்டும்போதே ஒரே கிண்டல். "பூட்டா? எதைத் திருட வருவான், குளிரையா? அப்படி ஒருத்தன் இவ்வளவு தூரம் வந்தான்னா உள்ள கூப்பிட்டு டீ குடு சர்கிலானா, பாவம்"னாரு. மூணு கிண்ணம் சூப்பும் குடிச்சுட்டுத்தான் போனாரு.

அறைக் கதவுக்கெல்லாம் மாட்டியாச்சு. வெளிக்கதவுக்கு மட்டும் வேண்டாமேடா. உனக்குத் தெரியாததா? குளிர்காலத்துல நம்ம ஊர்ல எந்த வெளிக்கதவு பூட்டியிருக்கு? போன வருஷம் லாரி ரிப்பேராகி நடந்தே வந்த ஒருத்தன் எங்களை எழுப்பக்கூட இல்ல. தானே உள்ள வந்து, அடுப்புல விறகு போட்டுக் காலைச் சூடாக்கிட்டு, காலையில தரையைப் பெருக்கி வச்சுட்டுப் போயிருந்தான். அந்த மாதிரி ஒருத்தன் வந்து தள்ளிப் பார்த்து, கதவு திறக்கலன்னா என்ன நினைப்பான்?

சுட்ட முதல் அப்பத்தை உன் பேரைச் சொல்லி அடுப்புத் தீக்குப் போட்டேன். அவன் வேலை நிலைக்கணும்னு கேட்டேன். தீ நல்லா சடசடன்னு எரிஞ்சுது. நல்ல சகுனம்.

அக்கா


நோவோசிபிர்ஸ்க்,
நவம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சூடாக இருக்கிறேன். போதுமா?

அக்கா, வெளிக்கதவுதான் சோதனையே. அறைக் கதவுகள் வீட்டுச் சூட்டுக்குள் இருக்கின்றன. அவை வேலை செய்தால் யார் மெச்சப் போகிறார்கள்? தயவுசெய்து வெளிக்கதவிலும் மாட்டு. கைப்பிடியாக இருக்கும் பழைய தோல் வாரைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் இருக்கும் எஃகுக் கைப்பிடியைப் போடு. லாரிக்காரன் யாராவது வந்தால் பக்கத்திலேயே மணி இருக்கிறது, அடிக்கட்டும்.

ஸ்பிரிதோன் அண்ணனுக்கு என் நன்றியைச் சொல். மூன்று கிண்ணம் சூப்புக்காக ஒரு மனிதன் அத்தனை பூட்டுகளை மாட்டுவான் என்று நான் நம்பவில்லை என்பதையும் சொல்.

உன் தம்பி
உய்குலான்


பைதாக்,
டிசம்பர் 22

தம்பிக்கு அக்கா. சூடா இருக்கோம். நீயும் அப்படியே இருக்கணும்.

நீ கேட்டபடி வெளிக்கதவுலயும் மாட்டியாச்சு. இன்னிக்கு மைனஸ் நாப்பத்தஞ்சு. அட்டையைக் காட்டினா பச்சை எரியுது, சமத்தா திறக்குது. எழுதிக்கோ, கையெழுத்தும் போட்டிருக்கேன். மாஸ்கோவிலிருந்து வந்த ஒரு அம்மா அட்டையைப் பூட்ஸுக்குள்ள சொருகிட்டு ஊர் சுத்தப் போனாங்க. திரும்பி வந்து எடுத்தா காஞ்ச ரொட்டி மாதிரி ரெண்டா உடைஞ்சுது. "இதுவும் அனுபவம்தான்"னு உடைஞ்சதைப் பத்திரமா பையில வச்சுக்கிட்டாங்க. காசு குடுத்துக் குளிர வர்றவங்க, எல்லாத்துக்கும் சந்தோஷப்படறாங்க.

நம்ம ஆளுங்களுக்குத்தான் பழகல. மணி அடிக்கிறதுன்னா கூச்சம். தோளால தள்ளிப் பாக்கறாங்க, திறக்கலன்னா திரும்பிப் போயிடறாங்க. "வீட்ல ஏதோ சண்டை போலிருக்கு"ன்னு பக்கத்து வீட்டுல போய்ச் சொன்னாளாம் ஒருத்தி. ஸ்பிரிதோன் மட்டும் கொதிகலன் வீட்டிலிருந்தே கத்திக்கிட்டு வர்றாரு, "மகாராணி, கோட்டைக் கதவைத் திற!"ன்னு.

அவருகிட்ட நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். காது சிவந்துடுச்சு. குளிராம்.

நீ அனுப்பின கம்பளிச் சால்வை போட்டுக்கிட்டுத்தான் எழுதறேன். புது வருஷம் உனக்கு நல்லபடியா பிறக்கட்டும்.

அக்கா


நோவோசிபிர்ஸ்க்,
பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

சூடாக இருக்கிறாயா? ஜனவரி முழுக்க உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் போட்டால் ஸ்பிரிதோன் அண்ணன் எடுக்கிறார். "அவ வேலையா இருக்கா" என்கிறார், வைத்துவிடுகிறார். உன் போன் அவர் கையில் எப்படி வந்தது? அதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன். சிரித்துக்கொள்கிறேன்.

செய்தியில் உங்கள் பக்கம் மைனஸ் ஐம்பத்தெட்டு என்றார்கள். பூட்டுக்கு இதுதான் பெரிய பரீட்சை. மேலாளர் தினமும் கேட்கிறார். நாலு வரியாவது எழுது.

உன் தம்பி
உய்குலான்


பைதாக்,
பிப்ரவரி 19

தம்பிக்கு அக்கா. சூடா இருக்கேன்.

எழுத்து கோணலா இருக்கேன்னு பாக்காதே. பேனா மை உறைஞ்சு போச்சு, பென்சில்ல எழுதறேன். மேஜையும் ஆடுது. வெளிச்சமும் போதல.

நடுவுல மாவட்ட ஊருக்குப் போயிட்டேன், சாமான் வாங்க. கொஞ்ச நாள் தங்கும்படி ஆயிடுச்சு. அதான் எழுதல.

பூட்டு நல்லா இருக்கு. அறைக் கதவெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. வெளிக்கதவு பத்தியும் குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்த எஃகுக் கைப்பிடிக்கு மேல தோல் சுத்திக் குடுப்பாங்களான்னு மட்டும் கேளு. அழகுக்குத்தான்.

அப்பம் இப்பல்லாம் ஸ்பிரிதோன்தான் சுடறாரு. கரி மாதிரியே சுடறாரு. விருந்தாளிங்க பாவம், எங்க ஊர் அப்பமே கறுப்புன்னு நினைச்சு போட்டோ எடுத்துக்கறாங்க.

நீ நல்லா சாப்பிடு.

அக்கா


நோவோசிபிர்ஸ்க்,
மார்ச் 12

என் அருமை அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டோம்! உன் கடிதத்தை மேலாளர் மீட்டிங்கில் உரக்கப் படித்தார். "குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்ற வரியை இரண்டு முறை படித்தார். நிரந்தரமாக்கப்படுபவர்கள் பட்டியலில் என் பெயர் முதலில் இருக்கிறது.

இன்னொன்று கேள். வடக்கே கலைமான் மேய்ப்பவர்களின் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி விடுதி ஒன்று. உன் கடிதத்தைக் காட்டி அவர்களிடம் ஆர்டர் வாங்கிவிட்டோம். எல்லா அறைக்கும், வெளிக்கதவுக்கும். சரக்கு இந்த வாரம் கிளம்புகிறது. அந்தச் சின்னப் பிள்ளைகளின் கதவு உன்னால் பத்திரமாகிறது அக்கா.

கைப்பிடிக்குத் தோல் கேட்டாயே, சிரித்துவிட்டார்கள். எஃகுதான் நாகரிகமாம்.

சிறு வயதில் என் கையைப் பிடித்து எழுத வைத்தவள் நீ. இன்றைக்கு உன் கையெழுத்துதான் எனக்குச் சோறு போடுகிறது. எப்படி நன்றி சொல்வேன்?

உன் தம்பி
உய்குலான்


பைதாக்,
மார்ச் 27

உய்குலானுக்கு, கொதிகலன் வீட்டு ஸ்பிரிதோன்.

நான் கடுதாசி எழுதி இருபது வருஷம் இருக்கும். தப்பு இருந்தா நீயே திருத்திப் படி. சூடா இருக்கியான்னு கேக்க மாட்டேன். எனக்கு இப்ப உன் மேல கோவம்.

உன் அக்கா உன் கடுதாசியைப் படிச்சுட்டு ரெண்டு நாளா சாப்பிடல. எழுதறா, கிழிச்சு அடுப்புல போடறா. அவ சொல்ல மாட்டா. நான் சொல்றேன். அவளுக்குத் தெரியாமத்தான் எழுதறேன். தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டா, பரவால்ல.

ஜனவரில பனிமூட்டம் கவிஞ்சு எதிர்ல இருக்கிற ஆள் தெரியாத நாள் அது. விருந்தாளிங்க எல்லாம் மேய்ப்பர் முகாமுக்குப் போயிட்டாங்க. இவ தனியா இருந்தா. டீக்குத் தண்ணி வேணும். ஆத்துலேர்ந்து வெட்டின பனிக்கட்டி வாசல்லதானே அடுக்கி இருக்கு, ஒரு கட்டி எடுக்கப் போனா. ஒரு நிமிஷ வேலைக்கு நம்ம ஊர்ல யாருடா கோட்டு போடுவா, கையுறை போடுவா? உங்க அம்மா போட்டாளா? நீ போட்டியா? தள்ளினா திறக்கிற கதவுன்னு அவ உடம்புக்குப் பழக்கம்.

அவளுக்குப் பின்னாடி கதவு சாத்திக்கிச்சு. பூட்டிக்கிச்சு. அட்டை இடுப்புலதான் இருந்துச்சு. காட்டினா விளக்கே எரியல. பேட்டரி செத்துப் போச்சு. பூட்டிக்க அதுக்கு பேட்டரி வேண்டாம், திறக்கத்தான் வேணுமாம். என்ன ஜென்மம்டா இது? மணியையும் அடிச்சா. உள்ள யார் இருக்கா திறக்க?

வெறுங்கையால அந்த நாகரிகக் கைப்பிடியைப் பிடிச்சு உலுக்கியிருக்கா. கை ஒட்டிக்கிச்சு. பிச்சு எடுத்துட்டு, வீட்டுச் சட்டையோட மூட்டத்துக்குள்ள நடந்து வந்திருக்கா. நான் கரி தள்ளிக்கிட்டு இருந்தேன். கதவு படார்னு திறந்துச்சு, உள்ள வந்து விழுந்தா. தோளால தள்ளிட்டு வந்தா. என் கதவுல பூட்டு இல்ல. உன் பூட்டு இருந்திருந்தா இன்னிக்கு உனக்கு அக்கா இல்ல. அவ்வளவுதான் விஷயம்.

மாவட்ட ஆஸ்பத்திரில வலது கை ரெண்டு விரல் நுனியை எடுத்துட்டாங்க. உனக்கு எழுதினது இடது கையால. மை உறையவும் இல்ல, மேஜை ஆடவும் இல்ல. அந்த மேஜையை நான் செஞ்சேன், அது ஆடாது.

"அவன் வேலை போயிடும், வாயைத் திறந்தா பாத்துக்கோங்க"ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. சத்தியத்தை நான் மீறிட்டேன். அங்க சின்னப் புள்ளைங்க இருக்காங்க. புள்ளைங்க கையுறை போட மறக்கும்டா.

ஸ்பிரிதோன்


பைதாக்,
மார்ச் 30

தம்பிக்கு அக்கா. சூடா இருக்கேன்.

உன் சந்தோஷமான கடிதம் வந்துச்சு. ஊர் பூரா சொன்னேன். தீக்கு வெண்ணெய் உருக்கி ஊத்தினேன்.

ஒண்ணே ஒண்ணு. அந்தப் பள்ளிக்கூட விடுதியில வெளிக்கதவுக்கு மட்டும் பூட்டு வேண்டாம்னு சொல்லுடா. அறைக்குப் போடட்டும். வெளிக்கதவுக்கு வேண்டாம். காரணம் கேக்காதே. அக்கா உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல, இதைக் கேக்கறேன்.

அக்கா


நோவோசிபிர்ஸ்க்,
மே 4

அக்கா,

சூடா இருக்கியா? இந்தத் தடவை நிஜமா கேக்கறேன். நிஜமா பதில் சொல்லு.

"காரணம் கேக்காதே"ன்னு நீ எழுதின கடிதமும், காரணத்தை எழுதின ஸ்பிரிதோன் அண்ணன் கடிதமும் ஒரே தபால்ல வந்துச்சு. எதை முதல்ல பிரிச்சேன்னு ஞாபகம் இல்ல. பஸ் ஸ்டாப்புல உக்காந்து அழுதேன். மூணு பஸ்ஸை விட்டுட்டேன்.

மேலாளர்கிட்டப் போய் எல்லாத்தையும் சொன்னேன். "நல்லா இருக்குன்னு உங்க அக்காவே கையெழுத்து போட்டிருக்காங்களே"ன்னாரு. "அது எந்தக் கையால போட்ட கையெழுத்து தெரியுமா சார்?"னேன். அதுக்கு மேல நான் பேசினதை எழுத முடியாது, நீ என் வாயில ரெண்டு போடுவே. சரக்கு ஏற்கனவே விடுதிக்குப் போயிடுச்சு, வசந்தம் வரட்டும் பாக்கலாம்னாங்க. அங்க இன்னும் மைனஸ் முப்பது. வசந்தம் வர்ற வரைக்கும் யார் காத்திருக்கிறது?

லீவு போட்டுட்டு நானே போனேன். விமானம், அப்புறம் ரெண்டு நாள் வண்டி. வெளிக்கதவுல மாட்டி முடிச்சிருந்தாங்க. என் கையாலயே கழட்டினேன். கழட்டறதுக்கு முன்னாடி அந்தக் கைப்பிடியை வெறுங்கையால தொட்டுப் பாக்கணும்னு தோணிச்சு அக்கா. தொட்டேன். எடுக்கும்போது தோல் கொஞ்சம் அதோட போச்சு. அது மைனஸ் முப்பதுல. நீ ஐம்பத்தெட்டுல பிடிச்சிருக்கே.

அந்த இடத்துல கலைமான் தோல் வார் கட்டினேன். பிள்ளைங்களை வரிசையா வெளியில நிக்க வச்சு, தோளால தள்ளிட்டு வாங்கன்னேன். விளையாட்டுன்னு நினைச்சு விழுந்து விழுந்து வந்தாங்க. திரும்பத் திரும்ப வந்தாங்க. சமையக்கார அம்மா "குளிரை உள்ள விடறியே பாவி"ன்னு கரண்டியோட துரத்தினாங்க. இந்தக் குளிர்காலத்துல நான் செஞ்ச ஒரே உருப்படியான சோதனை அதுதான்.

நிரந்தரம் இல்ல. பட்டியல்ல என் பேர் இல்ல. ஒப்பந்தமும் இந்த மாசத்தோட முடியுது. நீ அழாதே. எனக்கு அழுகை வரல, சத்தியமா. வெளிக்கதவுல மாட்டுன்னு உன்னை வற்புறுத்தினவன் நான். அதுக்கு நீ ஒரு வார்த்தை சொல்லல. என் சோறு போயிடக்கூடாதுன்னு இடது கையால பொய் எழுதியிருக்கே. இந்த ஜென்மத்துல உனக்கு நான் என்ன திருப்பிக் குடுத்தாலும் பத்தாது.

ஸ்பிரிதோன் அண்ணனுக்கு நான் விழுந்து கும்பிட்டேன்னு சொல்லு. அவர் கதவுக்கும் சேர்த்து. அவரை இனிமே அண்ணன்னு எழுதவா, அத்தான்னு எழுதவா? அதையும் கேட்டுச் சொல்லு.

ஜூன்ல ஊருக்கு வரேன். லீவு எத்தனை நாள்னு கேக்காதே. வேலையே இல்ல, லீவுக்கென்ன கணக்கு.

உய்குலான்


பைதாக்,
மே 23

தம்பிக்கு அக்கா எழுதறது. சூடா இருக்கேன்டா. நிஜமா.

இது வலது கையால எழுதினது. பாரு, பழைய எழுத்து மாதிரியே இருக்கா? விரல் நுனிதானே போச்சு, பேனா பிடிக்க மிச்சம் இருக்கு. நம்ம ஊர்ல வருஷத்துல முக்கால்வாசி நாள் கையுறை, உள்ள எத்தனை விரல் இருக்குன்னு யார் எண்ணப் போறா?

வேலை போச்சுன்னு படிச்சதும் ஒரு மணி நேரம் உன்னைத் திட்டினேன். அப்புறம் ஸ்பிரிதோனைத் திட்டினேன், சத்தியத்தை மீறினதுக்கு. அவரு பாட்டுக்கு அப்பத்தைத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்தாரு. அப்புறம் உன் கடிதத்துல அந்தப் பிள்ளைங்க தோளால தள்ளிக்கிட்டு விழுந்து வந்த இடத்தை ரெண்டு பேருமா திரும்பப் படிச்சோம். அவரு மூக்கைச் சிந்தினாரு. புகையாம்.

அந்த நாளைப் பத்தி நீ கேக்கல, நானே சொல்லிடறேன். கதவு முன்னாடி நின்னப்ப உன்னை நல்லா திட்டினேன், உன் கம்பெனியையும். மூட்டத்துல நடந்தப்ப பயமா இருந்துச்சு. ஆனா ஆஸ்பத்திரில கண்ணைத் திறந்ததும் "உய்குலானோட வேலை போயிடுமே"ங்கிறதுதான் முதல்ல வந்துச்சு. இப்ப அதுவும் போயிடுச்சு. பயப்பட இனிமே ஒண்ணும் மிச்சமில்ல. ராத்திரி நல்லா தூங்கறேன்.

உன் மேலாளருக்குக் கடைசி ரிப்போர்ட் இதோட வச்சிருக்கேன். "அறைப் பூட்டு நல்லா இருக்கு, விருந்தாளிங்களுக்குப் பிடிச்சிருக்கு, எடுக்க மாட்டேன். வெளிக்கதவுப் பூட்டு ஆளைக் கொல்லும். இப்படிக்கு சர்கிலானா, வலது கையால." கொண்டு போய்க் குடு. படிக்கட்டும் மீட்டிங்குல, ரெண்டு தடவை.

வெளிக்கதவுல பூட்டைக் கழட்டின இடத்துல பெரிய ஓட்டை. ஸ்பிரிதோன் உங்க கம்பெனி குடுத்த விளக்கப் புத்தகத்தைச் சுருட்டி அதுல அடைச்சு, மேல குதிரைத்தோல் வச்சு தைச்சுட்டாரு. அளவெடுத்த மாதிரி பொருந்துச்சு. அந்தப் புத்தகத்தால ஒரு பிரயோஜனம் வந்துச்சேன்னு சந்தோஷம். பழைய வாரையும் கட்டியாச்சு.

நீ கேட்டதை அவருகிட்டக் கேட்டேன். காது சிவந்துச்சு. இப்பக் குளிர்னு சாக்கு சொல்லவும் வழியில்ல, அடுப்புல விறகு போடக் குனிஞ்சுட்டாரு. நானே சொல்றேன், அத்தான்னே எழுது.

வேலை இல்லன்னு வெக்கப்பட்டுக்கிட்டு எங்கயாவது நின்னுடாதே. நீ எனக்கு என்ன திருப்பிக் குடுக்கணும்? இங்க உள்ள பத்திரமா உக்காந்து நான் ஒரு கதவைப் பத்திப் பொய் எழுதினேன். நீ அவ்வளவு தூரம் போய் அந்தப் பிள்ளைங்க கதவைத் திறந்து வச்சுட்டு வந்தே. உன்னை வளர்த்தேன்னு சொல்லிக்க எனக்கு அது போதும்டா. தீக்கு இன்னிக்கு நன்றி மட்டும்தான் சொன்னேன், எதுவும் கேக்கல.

ஜூன்ல நீ எந்த நேரத்துல வந்தாலும் சரி. நாங்க தூங்கிட்டிருந்தாலும் எழுப்ப வேண்டாம், அடுப்பு மேல சூப் இருக்கும். மணியைத் தேடாதே, கதவைத் தட்டாதே.

தள்ளு.

அக்கா